சாலை ரயில்: ஸ்டீரிங்கிலிருந்து கடைசி டிரெய்லர் வரை

ஆஸ்திரேலியாவின் செம்மண் வெளியில் மூன்று டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு புழுதி பறக்க ஓடும் லாரிகளின் காணொளிகள் நம்மவரிடையே நிறையப் பகிரப்படுகின்றன. பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் வருகின்றன. சாலை நேராகத்தானே கிடக்கிறது, எஞ்சினுக்கு வலு இருந்தால் போதும், ஓட்டுநர் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்பது ஒன்று. அவ்வளவு எடைக்குப் பிரேக்கே பிடிக்காது, எதிரே வருபவர் கதி அதோகதிதான் என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. இரண்டும் லாரியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை.

இழுப்பது பெரிய விஷயமே இல்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2006இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கிளிஃப்டன் என்ற ஊரில் ஒரே ஒரு மேக் டைட்டன் லாரி, 112 டிரெய்லர்கள் கோத்த தொடரைச் சிறிது தூரம் இழுத்துக் காட்டியது. தொடரின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். அப்படியிருந்தும் பொதுச்சாலையில் சட்டம் பெரும்பாலும் மூன்று டிரெய்லர்களோடு நிறுத்திவிடுகிறது. எஞ்சின் தாங்காது என்பதற்காக அல்ல. முன்னால் இருப்பவர் செய்யும் ஒவ்வொரு சிறு அசைவும் கடைசி டிரெய்லருக்குத் தாமதமாகவும், பல நேரங்களில் பெரிதாகியும் போய்ச் சேர்கிறது. பல டிரெய்லர் லாரியை ஓட்டும் கலை முழுவதும் இந்த ஒன்றைச் சமாளிப்பதில் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

சாலை ரயில் என்றால் என்ன?

இழுக்கும் லாரிக்கு ஆஸ்திரேலியாவில் பிரைம் மூவர் என்று பெயர். அதில் எஞ்சினும் ஓட்டுநர் அறையும் உண்டு. சரக்கு ஏற்றும் இடம் கிடையாது. அதன் முதுகில் ஒரு டிரெய்லரின் முன்பாகம் சாய்ந்து உட்காரும். முன்பக்கம் சக்கரமே இல்லாமல், தன் எடையின் ஒரு பங்கை இழுக்கும் வண்டியின் மேல் சுமத்தும் இத்தகைய டிரெய்லரைச் செமி டிரெய்லர் என்பார்கள். சென்னைத் துறைமுகத்துக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் இந்த வகைதான். அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது டிரெய்லர்களையும் கோத்துவிட்டால் அது சாலை ரயில்.

ஆஸ்திரேலியாவில் மூன்று டிரெய்லர் சாலை ரயிலின் வழக்கமான நீள வரம்பு 53.5 மீட்டர். இரண்டு டிரெய்லர் என்றால் 36.5 மீட்டர். பரவலாகக் காணப்படும் மூன்று டிரெய்லர் அமைப்பில் 16 அச்சுகளும் 62 டயர்களும் இருக்கும். பொதுவான எடை வரம்புப்படி சரக்கோடு சேர்த்து மொத்தம் 115.5 டன் வரை போகலாம். ஒற்றைச் செமி டிரெய்லர் லாரிக்கு அதே கணக்கில் 42.5 டன்தான்.

இவ்வளவு பெரிய வண்டி அந்த நாட்டுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை வரைபடத்திலேயே இருக்கிறது. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை செல்லும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை சுமார் 2,700 கிலோமீட்டர். வழியில் பெரிய ஊர் என்று சொல்ல ஆலிஸ் ஸ்பிரிங்ஸை விட்டால் அதிகம் இல்லை. தெற்கிலிருந்து ரயில் 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. அங்கிருந்து டார்வினுக்குத் தண்டவாளம் போட்டு முடிக்க 2004 ஆகிவிட்டது. முக்கால் நூற்றாண்டு காலம் இடையில் இருந்த தூரத்தைச் சாலைதான் சுமந்தது. பிரிட்டனில் உருவான எட்டுச் சக்கர ஏஇசி லாரி ஒன்று, டிரெய்லர்களை இழுத்தபடி 1934இல், ஆலிஸ் ஸ்பிரிங்ஸும் டார்வினும் இருக்கும் வட ஆட்புலத்தில் (Northern Territory) ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கர்ட் யோஹான்சன் என்பவர் அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட டயமண்ட்-டி லாரியை வாங்கி, தானே வடிவமைத்த டிரெய்லர்களை அதில் கோத்து மாடுகளை ஏற்றிச் சென்றார். அதுவரை மாட்டு மந்தைகளை வாரக்கணக்கில் நடத்தியே சந்தைக்குக் கொண்டுபோனார்கள். யோஹான்சனின் டிரெய்லர்களில் ஒரு நுட்பம் இருந்தது. அதைத் திருப்பங்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

கோக்கும் விதம் இரண்டு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாச் சாலை ரயில்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓட்டுபவருக்கு அப்படியில்லை. இரண்டு டிரெய்லர்களை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறிவிடும். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

செமி டிரெய்லரின் முன்பக்க அடியில் கீழ்நோக்கி ஒரு தடித்த எஃகு முளை இருக்கும். அது கிங் பின். பிரைம் மூவரின் முதுகில் பள்ளம் வெட்டிய வட்டமான எஃகுத் தட்டு இருக்கும். ஆஸ்திரேலியர்கள் அதை டர்ன்டேபிள் என்கிறார்கள். முளை பள்ளத்துக்குள் நுழைந்ததும் பூட்டு விழும். டிரெய்லர் இடமும் வலமும் திரும்பலாம், பள்ளம் மேட்டில் சற்று முன்னும் பின்னும் சாயலாம். ஆனால் பக்கவாட்டில் கவிழப் பார்த்தால், அகலமான அந்தத் தட்டு பிரைம் மூவரின் எடையைக் கொண்டு அதை எதிர்த்துப் பிடிக்கும்.

இப்போது இரண்டாவது டிரெய்லர். முதல் டிரெய்லரின் பின்பக்கச் சக்கரங்களுக்கு மேலேயே இன்னொரு டர்ன்டேபிள் பொருத்தி, அடுத்த டிரெய்லரை நேரடியாக அதன் மேல் உட்கார வைக்கலாம். இது பி-வகை இணைப்பு. இப்படி இரண்டு டிரெய்லர் கோத்தால் அது பி-டபுள். நீளம் 26 மீட்டர் வரை.

மற்றொரு வழி ஏ-வகை இணைப்பு. இதில் இடையே டாலி என்ற சிறு வண்டி வருகிறது. டாலிக்குச் சொந்தமாக இரண்டு அல்லது மூன்று அச்சுகளும், முதுகில் ஒரு டர்ன்டேபிளும் இருக்கும். முன்னால் ஓர் இழுவைத் தண்டு நீண்டிருக்கும். தண்டின் நுனி முதல் டிரெய்லரின் பின்பக்கக் கொக்கியில் மாட்டும். இரண்டாவது டிரெய்லர் டாலியின் மேல் உட்காரும். 53.5 மீட்டர் நீளத்துக்குப் போகும் மூன்று டிரெய்லர் சாலை ரயில்கள் பெரும்பாலும் இப்படிக் கோக்கப்பட்டவை, ஏ-டிரிபிள் என்பார்கள்.

மடங்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பி-டபுளில் இரண்டே இரண்டு. ஏ-டிரிபிளில் ஐந்து: பிரைம் மூவருக்கும் முதல் டிரெய்லருக்கும் இடையில் ஒன்று, பிறகு ஒவ்வொரு டாலிக்கும் தண்டின் நுனியில் ஒன்று, முதுகில் ஒன்று. அது மட்டுமல்ல. இழுவைத் தண்டின் நுனி இழுக்கும், தள்ளும். ஆனால் சாய்வதைத் தடுக்காது. பின்னால் உள்ள டிரெய்லர் பக்கவாட்டில் சாயத் தொடங்கினால் முன்னால் இருப்பதிலிருந்து அதற்குத் தாங்கல் கிடைக்காது.

சுருக்கமாக: பி-வகையில் மடிப்புகள் குறைவு, டிரெய்லர்கள் ஒன்றையொன்று கவிழாமல் தாங்கிக்கொள்ளும். ஏ-வகையில் மடிப்புகள் அதிகம், ஒவ்வொன்றும் தன் காலில் நிற்க வேண்டும். அப்படியானால் பி-வகைதானே எப்போதும் மேல் என்று கேட்கத் தோன்றும். திருப்பத்தில் கதை மாறுகிறது.

மெதுவான திருப்பம்: வால் உள்ளே வெட்டும்

கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் சாலைகளில் நின்றவர்களுக்கு இதன் சிறிய வடிவம் ஏற்கனவே தெரியும். இரண்டு டிரெய்லர் நிறையக் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஊர் முனையில் திரும்பும்போது, டிராக்டர் சாலையின் நடுவைத் தாண்டி அகலமாகப் போய்த் திரும்பும். முதல் டிரெய்லர் அதைவிட உள்ளே தள்ளித் திரும்பும். இரண்டாவது, முனையில் இருக்கும் கடையின் திண்ணையை உரசிக்கொண்டு போகும். அதே டிராக்டர் நேர்ச் சாலையில் வேகம் எடுத்தால் பின் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆலை வாசலில் பின்னால் எடுக்கச் சொன்னால் ஓட்டுநர் திணறிப் போவார். சாலை ரயில் ஓட்டுநர் சந்திக்கும் மூன்று சிக்கல்களும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கின்றன. முதலில் திருப்பம்.

டிரெய்லரின் பின் சக்கரங்களுக்கு ஸ்டீரிங் கிடையாது. டிரெய்லர் எந்தத் திசையை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில் மட்டுமே அவை உருளும். முன்பக்க இணைப்பு வளைந்து போகும்போது, பின் சக்கரங்கள் அந்த வளைவின் மேல் நடப்பதில்லை. இணைப்பு இருக்கும் இடத்தை நோக்கிக் குறுக்கே வந்துகொண்டிருக்கின்றன. எனவே பின் சக்கரங்கள் வரையும் வளைவு எப்போதும் சற்று உட்புறமாக இருக்கும். இந்த விலகலுக்கு உள்வெட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடுத்த டிரெய்லர் இந்தச் சிறிய வளைவைத் தொடர்கிறது. அதன் பின் சக்கரங்கள் இன்னும் உள்ளே வெட்டுகின்றன. உள்வெட்டு இப்படிக் கூடிக்கொண்டே போகும்.

எவ்வளவு கூடும்? ஆஸ்திரேலியாவில் கனரக வாகனங்களின் செயல்திறனை அளந்து அனுமதி தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, வரையறுத்த ஒரு செங்கோணத் திருப்பத்தில் வாகனம் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் அகலத்தைக் கணக்கிடுகிறார்கள். பொதுச்சாலைகள் அனைத்திலும் போகத்தக்க வாகனத்துக்கு வரம்பு 7.4 மீட்டர். நீளமான சாலை ரயில்களுக்கென்று ஒதுக்கிய தடங்களில் அதுவே 13.7 மீட்டர். வண்டியின் அகலம் என்னவோ இரண்டரை மீட்டர்தான். நமக்குப் பழக்கமான இருவழிச் சாலையின் தார்ப்பரப்பு ஏழு மீட்டர் என்பதை நினைவில் கொண்டால் அந்த எண்ணின் பொருள் விளங்கும்.

ஓட்டுநர் இதற்காகத் திருப்பத்தை வெகு முன்பே தொடங்குகிறார். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் ஒதுங்கி, பிரைம் மூவரைத் திருப்ப வேண்டிய புள்ளியைத் தாண்டிக் கொண்டுபோய், பிறகு வளைக்கிறார். அந்த நேரம் இடது கண்ணாடியில்தான் கண் இருக்கும். பின்னால் வரும் கார்க்காரர், 'வலப்பக்கம்தானே போகிறார்' என்று நினைத்து இடது இடைவெளியில் புகுந்தால், உள்ளே வெட்டிக்கொண்டு வரும் டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். எந்த நாட்டிலும் நீள வண்டியின் உட்பக்கம் புகக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

மடிப்புகள் இங்கே உதவிக்கு வருகின்றன. ஒரே நீளத்தை அதிக இடங்களில் மடிக்க முடிந்தால் உள்வெட்டு குறையும். அதனால் மெதுவான திருப்பத்தில் டாலி வைத்த ஏ-வகை, அதே நீளமுள்ள பி-வகையைவிட நன்றாகப் பின்தொடரும். யோஹான்சன் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகினார். அவருடைய டிரெய்லர்களில் முன் அச்சு திரும்பும்போது பின் அச்சும் எதிர்த்திசையில் திரும்பும். ஒவ்வொரு டிரெய்லரும் முன்னதன் தடத்திலேயே வரும். மாட்டுப் பண்ணைகளுக்குப் போகும் மணல் தடங்களில், மரங்களுக்கு இடையே வளைந்து போக அது பெரிய வரம். பாதைகள் அகலமாகித் தார் போடப்பட்டு வேகம் கூடியபோது, அத்தகைய சிக்கலான அமைப்பின் தேவை குறைந்துவிட்டது.

வேகத்தில்: வால் வெளியே வீசும்

மடிப்புகள் மெதுவான திருப்பத்தில் செய்யும் நன்மைக்கு வேகத்தில் வட்டியோடு வசூலித்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையின் மையம் இந்தப் பகுதிதான். காணொளி பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போவதும் இதுதான்.

சாலை ரயில் மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிறது. திடீரென்று சாலையில் ஒரு கங்காரு. ஓட்டுநர் ஸ்டீரிங்கைச் சட்டென்று வலப்பக்கம் ஒடித்து, உடனே இடப்பக்கம் திருப்பித் தன் தடத்துக்கு வருகிறார். பிரைம் மூவர் ஒரு மீட்டர் விலகித் திரும்பி வந்துவிட்டது. அறைக்குள் பெரிய குலுக்கல்கூட இல்லை. பின்னால் என்ன நடந்தது?

முதல் டிரெய்லரின் முன்பக்கம் உடனே வலப்பக்கம் இழுக்கப்பட்டது. அதன் பின்பக்கம் சற்றுத் தாமதித்துத்தான் நகரத் தொடங்கியது. அது வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் இடப்பக்கம் இழுக்கப்பட்டுவிட்டது. பல டன் எடை ஒரு திசையில் நகரத் தொடங்கிவிட்டால் உடனே நிற்காது. பின்பக்கம் தேவைக்கு மேல் போய்த்தான் திரும்பும். டாலியை இழுப்பதோ அந்தப் பின்பக்கம். ஆக, டாலிக்குக் கிடைத்த அசைவு பிரைம் மூவர் செய்ததைவிடப் பெரியது. டாலி அதை இன்னும் பெரிதாக்கி இரண்டாவது டிரெய்லருக்குக் கொடுக்கிறது. மூன்றாவதற்குப் போகும்போது பக்கவாட்டு உலுக்கல், முன்னால் இருந்ததைப் போல் இரண்டு மடங்கையும் தாண்டிவிடக்கூடும். அசைவு பின்னோக்கிப் போகப் போகப் பெருகும் இந்த நிகழ்வைப் பின்பெருக்கம் என்போம்.

பின்பெருக்கத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினோம் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் திருப்பி எதிர்ப்பக்கம் திருத்தினோம் என்பதே முக்கியம். அதே ஒரு மீட்டர் விலகலைப் பத்து நொடியில் நிதானமாகச் செய்தால், எல்லா டிரெய்லர்களும் சாதுவாகப் பின்னால் வரும். பெருக்கம் ஏதும் இருக்காது. இரண்டு, மூன்று நொடிக்குள் போய்த் திரும்பினால்தான் ஆபத்து, ஏனென்றால் அது டிரெய்லர்கள் இயல்பாக ஊசலாடும் தாளத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. பொறியாளர்கள் இந்த வாகனங்களைச் சோதிக்கும்போது, இரண்டரை நொடியில் ஒரு முழு ஊசல் என்ற கணக்கில், மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் தடம் மாறச் செய்துதான் பார்க்கிறார்கள். பயந்துபோன மனிதன் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருத்தும் வேகமும் ஏறக்குறைய அதுவே என்பதால் இந்தச் சோதனைக்குப் பொருள் இருக்கிறது.

இதன் முடிவு கவிழ்தல். சரக்கு ஏற்றிய டிரெய்லர் உயரமானது, எடை மேலே இருக்கிறது. ஆஸ்திரேலிய அளவுகோலின்படி, ஒரு கனரக வாகனம் தன் எடையில் குறைந்தது 35 சதவீதத்துக்குச் சமமான பக்கவாட்டு விசை வரும்வரையாவது கவிழாமல் நிற்க வேண்டும். ஆபத்தான திரவங்களை ஏற்றும் டேங்கர்களுக்கு 40 சதவீதம். இப்போது கணக்குப் போடுங்கள். பிரைம் மூவரில் 15 சதவீத உலுக்கல் என்றால் ஓட்டுநருக்கு அது பொறுக்கத்தக்கதே. கடைசி டிரெய்லரில் அது இரண்டரை மடங்கானால் 37. சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியாகிவிட்டது.

ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் இதில் மிகக் கொடுமையானது. இழுவைத் தண்டு சாய்வைத் தடுக்காது என்று பார்த்தோமே, அது சாய்வைப் பற்றிய செய்தியையும் முன்னால் அனுப்பாது. ஐம்பது மீட்டர் பின்னால் ஒரு டிரெய்லர் ஒற்றைப் பக்கச் சக்கரங்களில் நிற்கும்போது, இருக்கையில் இருப்பவருக்கு எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும். பி-வகையில் டர்ன்டேபிள் வழியாகச் சாய்வு முன்னால் தெரியவரும், முன்னிருக்கும் டிரெய்லரும் தாங்கும். வேகமான நெடுஞ்சாலைகளில் பி-டபுள் பரவியதற்கும், நீண்ட ஏ-டிரிபிள்கள் போக்குவரத்து குறைந்த உள்நாட்டுத் தடங்களோடு நிறுத்தப்பட்டதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே சாலை ரயில் ஓட்டக் கற்பவர்களிடம் முதலில் சொல்லப்படுவது நம் இயல்புக்கு நேர் எதிரானது: விலங்கு குறுக்கே வந்தால் ஒடிக்காதே. நேராகப் பிடி, பிரேக்கை அளவாக அழுத்து, மோத நேர்ந்தால் மோதிக்கொள். லாரிகளின் முகத்தில் பெரிய எஃகுக் கம்பி வேலி பொருத்தியிருப்பதும் இதற்காகத்தான். கேட்கக் கடினமாக இருக்கிறது. ஆனால் ஒரு கங்காருவுக்காக ஒடித்தால், கவிழும் டிரெய்லர் எதிரே வரும் குடும்பத்தின் கார்மீது விழக்கூடும். அந்தத் தேர்வை ஓட்டுநர் அந்த நொடியில் யோசித்துச் செய்ய முடியாது. முன்பே மனத்தில் செய்து வைத்திருக்க வேண்டும்.

சரக்கு ஏற்றும் முறையும் இதில் சேரும். கனமான டிரெய்லர் பிரைம் மூவரை ஒட்டி முதலில் வர வேண்டும். எடை குறைந்தது, காலியானது கடைசியில். தலைகீழாகக் கோத்தால் கனமான வால் முன்னால் உள்ள இலகுவான வண்டியை ஆட்டிப்படைக்கும். மாடுகள் ஏற்றிய இரண்டு அடுக்கு டிரெய்லர்களில் இன்னொரு சிக்கல்: சரக்கு தானே நகர்கிறது. திருப்பத்தில் எல்லா மாடுகளும் ஒரு பக்கம் சாய்ந்தால் எடையும் அந்தப் பக்கம் போகும். பாதி நிரம்பிய டேங்கரில் திரவம் அலையடிப்பதும் அதே கதைதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மெதுவாகப் போகும்போது வால் உள்ளே வெட்டும், வேகமாகப் போகும்போது வெளியே வீசும். மடிப்புகள் முதல் சிக்கலைக் குறைத்து இரண்டாவதைக் கூட்டுகின்றன.

பிரேக் பிடிக்குமா?

பிடிக்கும். 16 அச்சுகள் என்றால் 16 அச்சுகளிலும் பிரேக் இருக்கிறது. எடை கூடக் கூடப் பிரேக் பிடிக்கும் சக்கரங்களும் கூடுகின்றன. எனவே 'பிரேக்கே கிடையாது' என்ற பேச்சில் உண்மை இல்லை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது.

இவை காற்றால் இயங்கும் பிரேக்குகள். பிரைம் மூவரிலிருந்து கடைசி டிரெய்லர் வரை இரண்டு காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று ஒவ்வொரு டிரெய்லரின் தொட்டியிலும் அழுத்தக் காற்றை நிரப்பி வைக்கும். மற்றொன்று செய்தி சொல்லும்: ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் அதில் அழுத்தம் ஏறும், அதைக் கண்டு டிரெய்லரின் வால்வு திறந்து தொட்டிக் காற்றைப் பிரேக்குக்கு அனுப்பும். அழுத்தம் அவ்வளவு நீளக் குழாயில் பரவுவதற்கு நேரம் பிடிக்கும். அரை நொடிதான் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போயாகிவிட்டது. அந்த இடைவேளையில் முன்பக்கம் வேகம் குறைகிறது, பின்பக்கம் இன்னும் பழைய வேகத்தில் வந்து தள்ளுகிறது. வண்டி நேராக இருந்தால் தாங்கிக்கொள்ளும். வளைவில் இருந்தால் மடிப்புகளில் ஒன்று உடைந்து மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தேடக் கூடாது என்ற விதி இதிலிருந்து வருகிறது. இப்போது வரும் வண்டிகளில் செய்தியை மின்கம்பி வழியாக அனுப்பும் மின்னணுப் பிரேக் அமைப்பு உண்டு. அதில் எல்லா டிரெய்லர்களுக்கும் செய்தி கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போய்விடும். கவிழும் அறிகுறி தெரிந்தால் தானே பிரேக் பிடித்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்து வருகிறது. இந்தத் துறையில் வந்த முன்னேற்றங்களில் உயிர் காப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

குழாய் அறுந்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் விடை உண்டு. நிறுத்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது வலுவான சுருள்வில். அதை விலக்கி வைப்பதுதான் காற்றின் வேலை. காற்று முழுதும் போய்விட்டால் சுருள்வில் தானாகப் பிரேக்கை அழுத்தும், வண்டி நிற்கும்.

பின்னால் எடுப்பது

இழுக்கும்போது எல்லாம் தானாக நேராகும். டிரெய்லர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முன்னால் போகப் போக நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். தள்ளும்போது நேர்மாறு: சிறிய கோணல் நொடிக்கு நொடி பெரிதாகும். ஒரே டிரெய்லர் என்றால் ஸ்டீரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கலாம். டாலி வைத்த இரண்டு டிரெய்லர்களில் மூன்று மடிப்புகள் ஒரே நேரத்தில் நழுவும். ஓட்டுநரின் கையில் இருப்பதோ ஒரே ஸ்டீரிங். கைதேர்ந்தவர்கள் இதையும் செய்கிறார்கள், நானும் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று டிரெய்லர்களையும் கோத்தபடி பின்னால் போவது அன்றாட வேலை இல்லை. ஓட்டுநர் எங்கே நுழைந்தாலும் முன்னாலேயே வெளியே வர வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். இல்லையென்றால் டிரெய்லர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுத்துப்போகிறார். ஊர் எல்லைகளில் இதற்கென்றே பெரிய திடல்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் வூபின் என்ற சிற்றூரில் இருப்பது பலருக்கும் தெரிந்த ஒன்று. நீளத் தொடர் அங்கே பிரிக்கப்பட்டு, நகரச் சாலை அனுமதிக்கும் அளவில் உள்ளே போகும்.

யார் ஓட்டலாம்?

ஆஸ்திரேலியாவில் கார் உரிமத்திலிருந்து நேரே இங்கே தாவ முடியாது. கனரக லாரி உரிமம் பெற்று, பொதுவாகக் குறைந்தது ஓராண்டு ஆன பிறகுதான் பல டிரெய்லர் உரிமத்துக்கு வர முடியும். ஒரு குறை சொல்ல வேண்டும்: பி-டபுளுக்கும் ஏ-டிரிபிளுக்கும் உரிமம் ஒன்றே. இரண்டின் குணமும் எவ்வளவு வேறு என்று மேலே பார்த்தோம். பொறுப்புள்ள நிறுவனங்கள் புதியவரை அனுபவசாலியோடு உட்கார வைத்துப் படிப்படியாக நீளத்தைக் கூட்டுகின்றன. அதைச் செய்யாமல் சாவியைக் கொடுத்து அனுப்புவது, என் கருத்தில், அந்த ஓட்டுநருக்கும் சாலையில் உள்ள மற்றவர்களுக்கும் இழைக்கும் அநீதி.

காரில் முந்துபவருக்கு

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள் பலர் விடுமுறையில் காரெடுத்து உள்நாட்டுக்குப் போகிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்காக.

சாலை ரயில் மணிக்கு 90, நீங்கள் 110. வேக வித்தியாசம் 20. அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பின்னால் 30 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, 53.5 மீட்டர் வண்டியைக் கடந்து, முன்னால் 30 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டுமானால், ஏறத்தாழ 115 மீட்டரை அந்த வித்தியாசத்தால் கடக்க வேண்டும். இருபது நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் கார் 630 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் ஒருவர் வந்தால் அவரும் 630 மீட்டர் வந்திருப்பார். ஆக, எதிர்த்திசையில் ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் வெறுமையான சாலை கண்ணுக்குத் தெரிந்தால்தான் முந்தத் தொடங்கலாம். தூரத்தில் கானல் நீர் மினுங்கினால், எதிரே வரும் வண்டி அதற்குள் மறைந்திருக்கலாம். தெரியும் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

முந்துவதற்கு முன் வெகு பின்னால் இருந்துகொள்ளுங்கள். லாரியின் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். முந்தத் தொடங்கினால் தயங்காமல் முடியுங்கள். முடித்ததும் அவருக்கு முன்னால் வந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். எதிரே ஒரு சாலை ரயில் வரும்போது, ஒற்றைத் தடம் மட்டுமே தார் போட்ட உள்நாட்டுச் சாலையாக இருந்தால், நீங்களே வேகத்தைக் குறைத்து இடப்பக்க மண்ணில் முழுவதுமாக இறங்கி வழிவிடுங்கள். அவர் இறங்கினால் டிரெய்லர்களின் இடப்பக்கச் சக்கரங்கள் இளகிய மண்ணில் இழுபடும். மேலே ஏற்ற அவர் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டிவரும். அவருடைய சக்கரங்கள் தெறிக்கும் கற்களும் புழுதியும் உங்கள் கண்ணாடியை நோக்கித்தான் வரும். தார் முழுவதையும் அவருக்கு விட்டுவிடுவதே இருவருக்கும் நல்லது.